போரின் வினை யாருக்கு? – சாமுண்டராயர் வரலாறு

கோயம்புத்தூரிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பெருந்துறையை அடைவதற்கு முன்னர் விசயமங்கலம் என்னும் பழம்பதி உள்ளது. பெருங்கதை இயற்றிய கொங்குவேளிரோடு இணைத்துப் பேசப்படும் இவ்வூர், கொங்கு நாட்டுச் சமணத்தின் தலையாய இடங்களுள் ஒன்றாகப் பல நூற்றாண்டுகள் விளங்கியது. இங்குள்ள சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயத்தை நம் அன்பர்களில் பலர் தரிசித்திருப்பர். அவ்வாலயத்துக் கல்வெட்டு ஒன்று, சல்லேகனை நோற்று உடல் நீத்த ஓர் அம்மையாரின் நிசீதிகையைக் குறிக்கின்றது. அவர் பெயர் புள்ளப்பை. அவர் சாமுண்டராயரின் தங்கை என்று அக்கல்வெட்டு அறிவிக்கின்றது.

சாமுண்டராயர் என்றவுடன், சிரவணபெளகுளத்தின் விந்தியகிரியில் ஏறக்குறைய 58 அடி உயரத்தில் நிற்கும் பாகுபலி சுவாமியின் திருவுருவமே நம் நினைவுக்கு வரும். அத்திருவுருவைச் செய்வித்தவர் என்பதே உலகறிந்த அவரது புகழ். ஆயினும் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் போர்க்களங்களில் கழித்த படைத்தலைவர் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணினாலும் பெருமைக்குரிய செய்தியாக மட்டுமே எண்ணி மகிழ்கின்றோம். அப்பெருமகனாரின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அது நம் முன் வைக்கும் கடினமான வினா ஒன்றையும் இங்கு ஆராய விழைகின்றோம். பிறர் நாட்டின்மேல் படையெடுத்துச் சென்று பல உயிர்களைக் கொன்ற போரின் வினை யாரைச் சேரும்? ஆணையிட்ட மன்னனையா, படை நடத்திய தலைவனையா, வாள் வீசிய வீரனையா?

கங்கர் அவையில்

சாமுண்டராயர் வாழ்ந்தது கி.பி. பத்தாம் நூற்றாண்டு. தலைக்காட்டைத் தலைநகராகக் கொண்ட மேலைக்கங்க மன்னர்களிடம் அவர் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் பணியாற்றினார். இரண்டாம் மாரசிம்மர், அவருக்குப்பின் நான்காம் இராசமல்லர் ஆகியோர் காலத்தில் கங்கநாட்டின் வலக்கையாக விளங்கியவர் அவரே. பிரம்மகூத்திரிய குலத்தில் தோன்றியவர். அன்னையார் காளலாதேவி. அசிதசேன ஆசாரியரிடம் அறநூல் பயின்றார். சித்தாந்த சக்கரவர்த்தி எனப் போற்றப்படும் நேமிசந்திர ஆசாரியரின் அணுக்கச் சீடராகவும் திகழ்ந்தார்.

கங்கர் ஆட்சி கொங்கு நாட்டிலும் பரவியிருந்தது. ஆதலின் கங்கர் படைத்தலைவரின் தங்கை விசயமங்கலத்துப் பள்ளியில் நோன்பிருந்து உயிர் நீத்ததில் வியப்பில்லை. சேரர், பாண்டியர், சோழர், கங்கர் எனப் பலருடைய படைகளும் மாறிமாறி மிதித்துச் சென்ற நாடு கொங்குநாடு. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே செல்வோரும், காவிரிக்கரை வழியே வடக்கே செல்வோரும் இந்நாட்டைக் கடந்தே செல்ல வேண்டும். நம் ஊர்ப்புறங்களில் இன்றும் காணப்படும் நடுகற்கள், பூசல்களில் மாண்டவர்களின் நினைவைச் சுமந்து நிற்கின்றன. ஆகவே, போரின் வினை யாருக்கு என்னும் வினா கொங்குநாட்டார்க்கு அயலான வினாவன்று.

போர்களும் விருதுகளும்

சாமுண்டராயரின் காலம் தக்காணத்தில் பெருங்குழப்பம் நிலவிய காலம். கங்கர்களுக்குத் துணையாயிருந்த இராட்டிரகூடப் பேரரசு கி.பி. 973இல் சாளுக்கிய இரண்டாம் தைலனால் வீழ்த்தப்பட்டது. கங்க நாட்டிலேயே அரியணைப் போட்டியும் உட்பகையும் எழுந்தன. இந்நிலையில் நாட்டைக் காத்து, இராசமல்லரை அரியணையில் நிலைநிறுத்தியவர் சாமுண்டராயர். இதனை யாரும் மறுக்க இயலாது.

அவர் வென்ற போர்களின் நினைவாக விருதுப் பெயர்கள் பல அவருக்குச் சூட்டப்பட்டன. கேடகப் போரில் வச்சலதேவனை வென்றமைக்காகச் சமரதுரந்தரர் என்றும், கோனூர்க் களத்தில் நுளம்பரோடு பொருதமைக்காக வீரமார்த்தாண்டர் என்றும், உச்சங்கிக் கோட்டைப் போருக்காக ரணரங்கசிங்கர் என்றும் அவர் அழைக்கப்பட்டார். பாகெயூர்க் கோட்டையில் திரிபுவனவீரனைக் கொன்றமைக்காக அவருக்குக் கிடைத்த பெயர் வைரிகுல காலதண்டர் என்பது. பகைவர் குலத்துக்கே எமனின் தண்டம் போன்றவர் என்பது இதன் பொருள்.

இன்னொரு விருதும் உண்டு. அது சமர பரசுராமர் என்பது. அவருடைய தம்பி நாகவர்மனை முதுராசய்யன் என்பான் கொன்றான். சாமுண்டராயர் அவனைத் தேடிச்சென்று கொன்று பழிதீர்த்தார். தந்தையைக் கொன்ற பழிக்காக ஒரு குலத்தையே அழிக்கப் புறப்பட்டவன் பரசுராமன். அப்பெயரையே சிறப்புப் பெயராக ஏற்றமை, அச்செயலின் தன்மையை நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

அவர் மன்னரான மாரசிம்மருக்கோ நுளம்பகுலாந்தகர் என்பது பெயர். நுளம்பர் குலத்துக்கு முடிவு கண்டவர் என்பது கருத்து. உண்மையில் நுளம்பர் குலம் அழிந்துவிடவில்லை. அடுத்த நூற்றாண்டிலும் சாளுக்கியர்க்குக் கீழ் அவர்கள் இருந்தனர். விருதுப் பெயர்கள் நிகழ்ந்ததை மிகைப்படுத்துவது இயல்பே. ஆயினும், ஒரு குலத்தையே இல்லாமற் செய்தேன் என்று சொல்லிக்கொள்வதை ஒருவர் சிறப்பாகக் கருதினார் என்பது மிகையன்று. அது அவர் உள்ளக்கிடக்கையைக் காட்டும் சான்று. அதே மாரசிம்மர் தம் இறுதிக்காலத்தில் அரசைத் துறந்து, பங்காபுரத்தில் அசிதசேன ஆசாரியரின் திருவடி நிழலில் மூன்று நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்தார்.

இருவகை விடைகள்

இவ்வரலாற்றை ஓதும் அன்பர்கள் வழக்கமாக இரண்டில் ஒரு விடையை மேற்கொள்வர். சமணம் மக்களைக் கோழைகளாக்கியது என்று பழித்தவர்களுக்கு மறுமொழியாக, இதோ எங்கள் வீரர் என்று சாமுண்டராயரை முன்னிறுத்துவது ஒன்று. கொல்லாமை அறத்தை ஏற்ற பின்னும் வாளேந்தியவர் எப்படி நல்ல சிராவகர் ஆவார் என்று அவரை முற்றும் ஒதுக்குவது மற்றொன்று. இவ்விரண்டும் நம் அறநூல்களை முழுமையாகக் கற்காததால் வருவன என்றே நாம் கருதுகின்றோம்.

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்துள்ளனர். கொல்லவேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்பி. உழவு, வாணிகம் முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோகி. தாக்க வந்தவனிடமிருந்து தன்னையும் பிறரையும் காக்கும்போது நேர்வது விரோதி. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் முற்றும் விலக்கவேண்டும். மற்றவற்றை இயன்ற அளவு குறைக்கவேண்டும். நாட்டைக் காக்கும் படைத்தலைவரின் போர் விரோதி இம்சை ஆகலாம். ஆனால் இப்பகுப்பு எல்லாப் போருக்கும் விரிக்கும் குடையன்று. உட்பகையை அடக்கி நாட்டைக் காத்தது விரோதியாகலாம். ஒரு குலத்தை அழிக்கவென்றே சென்றதும், தம்பியின் பழிக்காக ஒருவனைத் தேடிக் கொன்றதும் அவ்வாறு ஆகுமா? ஆகா என்பதே நேர்மையான விடையாகும்.

சுவேதாம்பர ஆகமமாகிய பகவதி சூத்திரத்தில் இதனை விளக்கும் வரலாறு ஒன்று உண்டு. மகத மன்னன் கூணிகன், வைசாலியின் சேடகன்மேல் படையெடுத்தான். மகாசிலாகண்டகம், ரதமுசலம் என்னும் இரு பெரும்போர்களில் எண்ணற்றோர் மடிந்தனர். களத்தில் இறந்தோர் அனைவரும் விண்ணுலகு எய்துவர் என்னும் உலக நம்பிக்கை மெய்யா என்று கௌதமர் வினவ, மகாவீரர் அதனை மறுத்தார். வருணன் என்னும் சிராவகனின் வரலாற்றையும் எடுத்துரைத்தார். வருணன் அரசாணையால் போருக்குச் சென்றவன். தன்னை முதலில் தாக்காத எவரையும் தாக்குவதில்லை என்று நோன்பு பூண்டு களம் புகுந்தான். தன்மேல் அம்பெய்தவனையே எய்தான். படுகாயமுற்றதும் தனியிடம் சென்று, எல்லா இம்சையையும் துறந்து அமைதியாக உயிர்நீத்தான். அவனுக்கு நற்கதி தந்தது அத்துறவேயன்றிப் போரன்று. அரசாணை அவனைக் களத்துக்கு இழுத்துச் சென்றது. ஆயினும் அம்பை எப்போது விடுவது என்னும் பொறுப்பை அவன் அரசனிடம் ஒப்படைக்கவில்லை.

நூற்றெட்டு வழிகள்

அப்படியாயின், ஆணையிட்டவன், நடத்தியவன், செய்தவன் ஆகியோர்க்கிடையே வினை எவ்வாறு பங்கிடப்படும்? தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் இதற்கு வியக்கத்தக்க கணக்கொன்றை அளித்துள்ளார். ஒரு செயலுக்கு மூன்று நிலைகள் உள்ளன. செய்யத் துணிதல் சம்ரம்பம், அதற்கான கருவிகளைத் திரட்டுதல் சமாரம்பம், செய்யத் தொடங்குதல் ஆரம்பம். இம்மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றால் நிகழும். தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததை ஏற்று மகிழ்தல் என மூவகையால் நிகழும். சினம், செருக்கு, வஞ்சம், பற்று என்னும் நான்கு கசாயங்களால் நிகழும். இவற்றைப் பெருக்க 108 வகையாகும். நாம் உருட்டும் செபமாலையின் 108 மணிகளுக்கு இதனையும் ஒரு காரணமாகப் பெரியோர் கூறுவர்.

இதிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இக்கணக்கில் வினை பங்கிடப்படுவதில்லை. ஒரு மூட்டை நெல்லை மூவர் சுமந்தால் ஒவ்வொருவர்க்கும் மூன்றிலொரு பங்கு என்பது போன்றதன்று இது. செய்வித்தவன் இருப்பதால் செய்தவன் வினை குறையாது. செய்தவன் வேறொருவன் என்பதால் செய்வித்தவன் தப்பமாட்டான். ஒவ்வொருவரும் தத்தம் எண்ணத்துக்கும் கசாயத்துக்கும் ஏற்பத் தத்தம் வினையைத் தாமே கட்டிக்கொள்கின்றனர்.

இக்கருத்தின் அருமையை இருபதாம் நூற்றாண்டு உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், செருமானியத் தலைவர்களை நியூரம்பர்க் நகரிலும், சப்பானியத் தலைவர்களைத் தோக்கியோவிலும் விசாரித்தனர். பிறநாட்டின்மேல் படையெடுக்கத் திட்டமிடுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல், நடத்துதல் ஆகிய ஒவ்வொன்றும் குற்றம் என அவ்வழக்குமன்றங்கள் கொண்டன. சம்ரம்பம், சமாரம்பம், ஆரம்பம் என்னும் நம் ஆசாரியரின் படிகளோடு இது ஒத்திருப்பதைக் காணலாம். மேலோர் ஆணைப்படி செய்தேன் என்பதனால் எவரும் பொறுப்பிலிருந்து விடுபடார் என்றும் விதிக்கப்பட்டது.

தோக்கியோ மன்றத்தில் அமர்ந்த பதினொரு நீதிபதிகளுள் ஒருவர் வங்காளத்தைச் சேர்ந்த நம் நாட்டவரான இராதாபினோத் பால். 1948இல் அவர் மாறுபட்ட தீர்ப்பெழுதினார். கொடுமைகள் நிகழ்ந்ததை அவர் மறுக்கவில்லை. படையெடுப்பைக் குற்றமாக்கும் சட்டம் போர் நடந்தபோது நாடுகளிடையே நிலைபெறவில்லை என்றும், வென்றவர் தோற்றவரை மட்டும் விசாரிப்பது நீதியாகாது என்றும், நிகழ்ந்த கொடுமைகளுக்கு அக்கூண்டில் நின்றவர்களே பொறுப்பு என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் கருதி, அனைவரையும் விடுவிக்கவேண்டும் என்றார். இதுபற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. சட்டத்தின் முன் ஒருவர் விடுபடலாம், விடுபடாமலும் போகலாம். வினையின் கணக்கு வென்றவர் தோற்றவர் என்று பார்ப்பதில்லை. எந்த மன்றமும் கூடாவிட்டாலும் அது எழுதப்பட்டுவிடும்.

கற்கோடும் பாகுபலியும்

சாமுண்டராயர் இவற்றை அறியாதவரல்லர். அவர் வினாக்களுக்கு விடையாகவே நேமிசந்திர ஆசாரியர் கோம்மடசாரம் என்னும் பெருநூலை அருளினார் என்பது மரபு. கோம்மடர் என்பது சாமுண்டராயரின் மற்றொரு பெயர். அந்நூலில் சினத்தின் நான்கு தரங்கள் நான்கு கோடுகளுக்கு ஒப்பிடப்பட்டுள்ளன. நீரில் இட்ட கோடு உடனே மறையும். புழுதியில் இட்டது காற்றில் அழியும். நிலத்தில் இட்டது நாளடைவில் தூரும். கல்லில் இட்டதோ நீங்காது நின்று நரகத்துக்கு வழிகாட்டும். இதனைக் கேட்டிருந்தவர், தம்பியின் பழிக்கு ஒருவனைக் கொன்று சமர பரசுராமர் எனப் பெயர்பெற்ற அதே சாமுண்டராயர்தாம்.

கி.பி. 978இல் அவர் சாவுண்டராய புராணத்தைக் கன்னட உரைநடையில் இயற்றினார். அறுபத்து மூன்று மகாபுருடர்களின் வரலாறு கூறும் அந்நூலில் பரதர், பாகுபலி வரலாறும் இடம்பெறுகின்றது. ஆதிபகவானின் மக்களான இவ்விருவரும் நாட்டின் பொருட்டுப் படையோடு எதிர்நின்றனர். இருவரும் வீடுபேறு எய்த உரியவர்கள் ஆதலால், இப்போரில் இறக்கப்போவது படையினர் மட்டுமே என்பதை அமைச்சர்கள் உணர்ந்தனர். படைகளை விலக்கி, உடன்பிறந்தார் இருவர் மட்டும் பார்வைப்போர், நீர்ப்போர், மற்போர் என்னும் மூன்றில் பொருதுமாறு வேண்டினர். மூன்றிலும் பாகுபலியே வென்றார். பரதர் வெகுண்டு ஏவிய சக்கரமும் அவரை வலஞ்செய்து நின்றது. வென்ற அந்நொடியிலேயே நாட்டைத் துறந்து, கொடிகள் உடலிற் படர, புற்றுகள் காலருகே எழ, ஓராண்டு அசையாது தவம் செய்தார்.

அவ்வாறு தவம் செய்தும் கேவலஞானம் உடனே தோன்றவில்லை. தம்மால் பரதர் மனம் வருந்தினாரே என்னும் எண்ணம் நெஞ்சில் மெல்லிழையாக நின்றது என்று சினசேன ஆசாரியரின் ஆதிபுராணம் காரணம் காட்டுகின்றது. பரதர் வந்து வணங்கியபின்பே அவ்விழை அறுந்தது. ஓர் உயிரையும் கொல்லாதவர், ஒருவரின் மனவருத்தத்துக்குத் தாம் காரணமானதையும் தம் பொறுப்பாகவே கொண்டார் என்பதை அன்பர்கள் ஊன்றி நினைக்கவேண்டும்.

இவ்வரலாற்றை எழுதிய மூன்றாண்டுகளுக்குப்பின், கி.பி. 981ஆம் ஆண்டளவில், விந்தியகிரியில் அத்திருவுருவம் எழுந்தது. திருவடியருகே சாமுண்டராயர் செய்வித்தார் என்னும் செய்தி கன்னடத்தோடு தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. வாளேந்தி வாழ்ந்தவர் தாம் எழுப்பிய மிகப்பெரும் உருவத்துக்கு, வென்றபின்னும் படையையும் நாட்டையும் துறந்தவரைத் தேர்ந்தார்.

அவர் வருந்தினாரா?

கலிங்கப்போரில் ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்றும், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்றும் தாமே எண்ணிக்கை கூறி, அதற்காக வருந்துவதாக அசோகர் பாறையில் எழுதிவைத்தார். சாமுண்டராயர் அவ்வாறு எதனையும் எழுதிவைக்கவில்லை. அவருடைய புராணத்தில் விருதுப்பெயர்களும் இடம்பெறுகின்றன. ஆகவே அவர் மனம் மாறிவிட்டார் என்று கதை புனைவது நமக்குத் தகாது. சத்திய யுதிட்டிரர் என்றும் பெயர்பெற்றவரின் வரலாற்றில் பொய் கலப்பது அவருக்குச் சிறப்புமாகாது.

அறிந்ததை மட்டும் கூறுவோம். அவர் நாட்டைக் காத்தார், பழியும் தீர்த்தார். அறநூல் கற்றார், வாளையும் ஏந்தினார். பாகுபலியின் திருவுருவம் அவர் ஈட்டிய புண்ணியம். அப்புண்ணியம் கோனூரிலும் பாகெயூரிலும் கட்டிய வினையைக் கழித்துவிடும் என்று நம் நூல்கள் எங்கும் கூறவில்லை. நல்வினை நல்வினையாகவும் தீவினை தீவினையாகவும் தனித்தனியே பயன்தரும் என்பதே நாம் கற்ற பாடம்.

சிரவணபெளகுளத்திலுள்ள தியாகத பிரம்மதேவர் தூணில் சாமுண்டராயரின் வீரச்செயல்கள் விரிவாகப் பொறிக்கப்பட்டிருந்தன. பிற்காலத்தில் எக்கடே கண்ணன் என்பவர், தம் சிறிய கல்வெட்டுக்கு இடம் வேண்டி அத்தூணின் மூன்று பக்க எழுத்துகளைச் செதுக்கி நீக்கிவிட்டார். கல்லில் எழுதிய புகழும் இவ்வாறு அழிந்தது. பாகுபலியின் திருவுருவமோ ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. 1981இல் அதன் ஆயிரமாண்டு விழாவும், அண்மையில் 2018இல் மகாமத்தகாபிடேகமும் நடைபெற்றன.

நம் பங்கு

இனி நமக்குரிய செய்தி ஒன்றே. செய்தல், செய்வித்தல் ஆகியவற்றோடு, ஏற்று மகிழ்தலையும் ஆசாரியர் சேர்த்தே எண்ணினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த போரை நாம் செய்யவுமில்லை, செய்விக்கவுமில்லை. ஆனால் வைரிகுல காலதண்டர் என்னும் பெயரை விழாமேடைகளில் முழங்கிக் கைதட்டும்போது, மூன்றாம் வழியாக நாமும் அக்களத்தில் கால்வைக்கின்றோம். நம் காலத்துப் போர்ச்செய்திகளை நாளிதழில் படித்து, எதிர்ப்பக்கத்தில் இத்தனைபேர் மாண்டனர் என்று மனத்தளவில் மகிழும்போதும் அவ்வாறே. சாமுண்டராயரைப் போற்றுவோம், கோம்மடசாரம் தோன்றக் காரணமானவர் என்றும், பாகுபலியை நமக்குத் தந்தவர் என்றும் போற்றுவோம். அவர் கொன்றவற்றைப் போற்றாதிருப்போம்.

அவருடன் பிறந்தார் இருவரை இவ்வரலாற்றில் கண்டோம். தம்பி நாகவர்மன் பூசலில் மாண்டான். அவன் பொருட்டு மேலும் ஓர் உயிர் போயிற்று. தங்கை புள்ளப்பை நம் கொங்கு மண்ணில், எவ்வுயிர்க்கும் தீங்கு எண்ணாது, தம் கசாயங்களை மெலிவித்து உயிர்நீத்தார். விசயமங்கலத்துக்குச் செல்லும் அன்பர்கள் சந்திரப்பிரப சுவாமியை வணங்கியபின், அவ்வம்மையாரின் கல்வெட்டின் முன்னும் சிறிதுநேரம் நின்று வருவார்களாக.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!